கெட்ட சேதிக்கு விடுமுறை

மாமனாரின் அண்ணன் பெரிய மாமா சாகக் கிடக்கிறார் என்ற சேதியை மடியில் கட்டிய நெருப்பாக வைத்துக்கொண்டு மருமகள் ராத்திரி முழுவதும் புரண்டதையும், பொறுக்க முடியாமல் கணவனை எழுப்பிச் சொன்னதையும், அவன் போர்வையை இழுத்து மூடியபடி, "நல்ல நாளும் அதுவுமா இதை அப்பாகிட்ட சொல்லாதே. வாரம் முடியட்டும்" என்றதையும் போன அத்தியாயத்தில் பார்த்தோம்.

விடிந்தபோது ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. வெளியே தெரு இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

மருமகள் அடுப்படிக்குப் போவதற்கு முன் பஸ் நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். விடுமுறை வாரம் என்பதால் வண்டிகள் குறைவு. பெரிய மாமா இருக்கும் ஊருக்கு இன்றைக்கு மத்தியானம் ஒரே ஒரு பஸ். நாளைக்கும் மறுநாளும் கிடையாது.

"சித்தப்பாவையே கேட்டுட்டு இருக்காரு அண்ணி. டாக்டர் கையை விரிச்சுட்டாங்க. இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க." நேற்று போனில் அழுத பெண்ணின் குரல் காதிலேயே நின்றது. பெரிய மாமாவின் மகள் அவள். மருமகள் அவளை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அண்ணன் தம்பி இருவரும் பேச்சை விட்ட பிறகுதான் இந்த வீட்டுக்கு இவள் வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

மத்தியான பஸ்ஸில் மாமா ஏற வேண்டும். அதற்கு யாராவது வாயைத் திறக்க வேண்டும். இந்த வீட்டில் அதுதான் நடக்காத காரியம்.

குளிர்கால விடுமுறை வந்தால் ஊரே கடையை மூடும். இந்த வீடு வாயை மூடும். அந்த ஒரு வாரம் கெட்ட சேதி பேசக் கூடாது என்பது மாமா போட்ட சட்டம். பல்வலி, தலைவலி, விலைவாசி, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லாம் வாசலுக்கு வெளியே. மீறியவர் அன்றைக்கு விழுகிற பாத்திரம் அத்தனையும் கழுவ வேண்டும். கல்யாணமான முதல் வருஷம், தன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு மருமகள் கைவிரல் விறைக்கக் கழுவினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வருஷம் முழுவதும் வேலை வேலை என்று ஓடுகிற குடும்பம் ஒரு வாரம் கவலையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்வது அழகான பழக்கம் என்றுகூட அப்போது நினைத்தாள்.

"என்னம்மா, கண்ணு ரெண்டும் இப்படிச் சிவந்து கிடக்கு?" என்றாள் அத்தை, டீயை நீட்டியபடி.

"தூக்கம் வரல அத்தை."

"ஆங், கெட்ட சேதி! பாத்திரம் உனக்குத்தான்" என்றான் கணவன். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பிய்த்தான்.

"சின்னக் கெட்ட சேதிதானேடா. ரெண்டு டம்ளர் கழுவினாப் போதும். நீதிபதி நான் இருக்கேன், நீ ஏன் தீர்ப்புச் சொல்றே?" என்றார் மாமா.

சிரித்தார்கள். அத்தையின் சிரிப்பு மட்டும் ஒரு கணம் பிந்தி வந்தது. மருமகள் அதைக் கவனித்தாள். கவனித்ததை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மருமகளின் போன் அடித்தது. விடுமுறையில் குடும்பத்தின் கண்ணாடிக் கடைக்கு வரும் அழைப்புகளும் அவள் போனுக்குத்தான் வரும். பெரிய மாமா வீட்டிலிருந்துதானோ என்று எடுத்தாள். பேசியது சலவைக் கடைக்காரி. கதவுக் கண்ணாடி விரிசல் விட்டு இன்று காலையில் கொட்டிவிட்டதாம். பனி நேராக உள்ளே வருகிறதாம்.

"நான் போறேன்பா" என்று எழுந்தான் கணவன்.

"நீ உட்காரு. அந்த ஹீட்டர் ரெண்டு நாளா இருமுது, அதைப் பாரு. அளவு பிடிக்க மருமக வரட்டும்" என்றார் மாமா.

கோட்டு மாட்டும்போது கணவன் அவளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினான். வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். அவள் குல்லாவைக் காது மூட இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தால் வெளியைவிட உள்ளே அதிகக் குளிர். சுவரோரம் சாய்த்து நிறுத்திய கண்ணாடிகளில் இரண்டு பேரும் பல பேராகத் தெரிந்தார்கள். மாமா விளக்கைப் போட்டார், பச்சைக் கம்பளம் விரித்த மேஜையைத் தட்டித் துடைத்தார், ஒரு கண்ணாடியை எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். குளிர்ந்த கண்ணாடியை வெட்டக் கூடாது. சொன்ன பேச்சைக் கேட்காது.

பிறகு மேஜையில் கிடத்தி, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரின் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு கோடு இழுத்தார். துணி கிழிவதுபோலச் சின்னச் சத்தம்.

மருமகள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற சத்தம். மாமா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: கோடு ஒண்ணே ஒண்ணுதான். சரியா விழலன்னு அதே இடத்துல மறுபடி இழுத்தா, கண்ணாடி உன் வழிக்கு வராது, அதோட வழிக்குப் போயிடும்.

மாமா கட்டரை மறுபடி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு இழுத்தார்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் அவர் விளிம்பை அழுத்திவிட்டார். கோட்டில் பிளக்க வேண்டியது குறுக்கே ஓடி, நட்சத்திரம்போலச் சிதறி, மேஜையில் மூன்று துண்டாகக் கிடந்தது.

"குளிரு" என்றார் மாமா.

"ஆமா மாமா."

பிறகு அவர் துண்டுகளை ஒதுக்கி, வேறொரு கண்ணாடி எடுத்தார். இந்த முறை கோடு ஒன்றுதான். சுத்தமாகப் பிளந்தது.

சலவைக் கடையில் ஆவியும் சோப்பு வாசனையும் பனியும் கலந்து அடித்தன. மூட்டை மூட்டையாகத் துணி கூரைவரை ஏறிக் கிடந்தது. மாமா கதவின் ரப்பரைப் பிடுங்கி, பழைய சில்லுகளைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்தார். மருமகள் புதுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"விடுமுறை விடுமுறைங்கறாங்க, யாருக்கு?" என்றாள் சலவைக் கடைக்காரி. "புதுசு உடுத்திக்கிட்டு எல்லாரும் வீட்ல சிரிச்சிட்டு இருப்பாங்க. பழசெல்லாம் இங்க வந்துடும். ஊர் அழுக்கு மொத்தமும் இந்த ஒரு வாரத்துல என் தலையிலதான்."

"அழுக்கு இருக்கறதாலதானே உனக்குச் சோறு" என்றார் மாமா.

"கண்ணாடி உடையறதாலதானே உங்களுக்கு. நான் ஒண்ணும் வேணும்னு உடைக்கல, பயப்படாதீங்க." சிரித்தாள். பிறகு கதவுச் சட்டத்தைத் தடவியபடி சொன்னாள்: "இந்தக் கதவு உங்க அண்ணன் போட்டுக் கொடுத்தது. என்ன பொறுமை அந்த மனுஷனுக்கு! இப்ப எப்படி இருக்காரு?"

"இருக்கான், இருக்கான். நல்லா இருக்கான்."

சில்லுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த மாமாவின் குறடு நிற்கவில்லை. மருமகள் அணைத்திருந்த கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அண்ணன் என்ற பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர். எப்படி இருக்கிறார் என்றால், தெரியாது என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு சுருக்காக, தயாராக வைத்திருந்ததுபோல, நல்லா இருக்கான் என்று பொய் சொல்வதற்கு ஒருவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது இருவர் வாயிலிருந்தும் புகை போய்க்கொண்டிருந்தது. பூட்டிய கடைகள். ஒரு கடை வாசலில் யாரோ கட்டிய வண்ணக் காகிதம் ஈரத்தில் நைந்து தொங்கியது.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"நல்ல சேதியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்போ வாரம் முடியட்டும்மா."

"முடியறதுக்குள்ள அந்தச் சேதி வேற சேதி ஆயிடும் மாமா."

மாமா நின்றார். தெருமுனைவரை பனியைப் பார்த்தார். பிறகு வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் கடைக்கே நடந்தார். அவளும் பின்னால் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, வெட்டும் மேஜைக்கு அடியில் குனிந்து, ஒரு தோள்பையை இழுத்து வெளியே வைத்தார். இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. துணியைப் பிரித்தார். மரப்பிடி தேய்ந்த பழைய கட்டர்.

"அவனோடது. விட்டுட்டுப் போனது."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

"அவனே போன் பண்ணினான். விடுமுறை தொடங்கறதுக்கு முந்தின நாள். இத்தனை வருஷத்துல முதல் தடவை. 'உடம்பு சரியில்லடா, விடுமுறைக்கு இங்க வந்துட்டுப் போயேன்'னான். குரல் பாதியாத்தான் வந்தது." அவர் கட்டரின் பிடியை விரலால் தேய்த்தார். "விடுமுறை முடிஞ்சதும் வரேன்னு சொன்னேன்."

"டாக்டர் கையை விரிச்சுட்டாங்க மாமா. இன்னிக்கோ நாளைக்கோன்னு அவங்க பொண்ணு நேத்து சொன்னா."

மாமா முக்காலியில் உட்கார்ந்தார்.

சுவரோரக் கண்ணாடிகளில் பல மாமாக்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்ல வேண்டியதுதானே மாமா, எங்ககிட்ட?"

"யார்கிட்டம்மா சொல்றது? உங்க அத்தை வருஷம் பூரா முழங்கால் வலியோட இந்த ஒரு வாரத்துக்காகக் காத்திருக்கா. அவ முகத்துல நான் எப்படி மண்ணள்ளிப் போடறது? சட்டம் போட்டவனே மீறினா..." நிறுத்தினார். பிறகு அவராகவே, "இந்தச் சட்டம் ஏன் வந்ததுன்னு உனக்குத் தெரியாதுல்ல?" என்றார்.

"தெரியாது."

"இதே வாரம்தான். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவன் வெளியிலேர்ந்து வந்தான், கோட்டைக்கூடக் கழட்டல. நான் மாட்டின கடைக் கண்ணாடி ஒண்ணு கழண்டு ஒரு பொம்பளை மேல விழுந்துடுச்சு, கண்ணுல அடி, ஆஸ்பத்திரிக்கு வான்னான். நான் மாட்டினது. என் கை. அத்தனை பேர் முன்னாடி... எனக்கு ஆத்திரம். நல்ல நாளும் அதுவுமா இதைச் சொல்லத்தான் வந்தியா, வாரம் முடியறவரைக்கும் இந்த வீட்டுல கெட்ட சேதி பேசக் கூடாது, வெளியே போடான்னுட்டேன். போயிட்டான். அந்த வாரம் பூரா அந்தப் பொம்பளை பக்கத்துல அவன்தான் உட்கார்ந்திருந்தான். நான் வாரம் முடிஞ்சு போனேன். ஒரு கண்ணு போயிடுச்சு. அந்த வீட்டுல எனக்குக் கதவைத் திறக்கவே மாட்டேன்னுட்டாங்க. அவனும் ஊரை விட்டே போயிட்டான்."

ஹீட்டர் முனகியது.

"அடுத்த வருஷம் யாரும் எதுவும் பேசல. வேடிக்கையா இருக்கட்டும்னு பாத்திரம் கழுவறதைச் சேர்த்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

மருமகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எழுந்திருங்க மாமா. மத்தியானம் ஒரு பஸ் இருக்கு."

வீட்டில் அத்தை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவன் ஹீட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தான். மாமா கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அதைப் பார்த்ததும் அத்தையின் கை மேஜைமேல் நின்றது. என்றைக்கோ இன்னொருவர் அதே இடத்தில் அப்படி நின்றது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அண்ணனுக்கு ரொம்ப முடியல" என்றார் மாமா. "நான் கிளம்பறேன்."

அத்தை துடைக்கிற துணியை மடித்தாள். இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பொண்ணு என்கிட்டதான் முதல்ல பேசினா. விடுமுறை தொடங்கின அன்னிக்கே. சித்தப்பாவை அனுப்பி வைங்க சித்தின்னா. அனுப்பறேன்னு சொன்னேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... நீங்க அவர் பேரைக் கேட்டாலே சோத்துல கையை உதறிட்டு எழுந்துடுவீங்க. இந்த ஒரு வாரமாவது நீங்க சிரிச்சிட்டு இருங்களேன்னு..."

"அம்மா!" என்றான் கணவன்.

"நீ என்னடா அம்மாங்கறே? உனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. அவன் மருமகளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"இவ ராத்திரி சொன்னா" என்றான். "நான்தான் நீங்க தாங்க மாட்டீங்கன்னு..."

ஒரே பாறாங்கல்லை நாலு பேரும் தனித்தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு, அடுத்தவர் கழுத்து வலிக்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சிரித்துக் காட்டியிருக்கிறார்கள். அதற்குள் எங்கோ ஒரு கட்டிலில் ஒரு மனிதர் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

மாமா திடீரென்று சிரித்தார். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு.

"அப்போ இன்னிக்குப் பாத்திரம் யாரு கழுவறது?"

யாரும் சிரிக்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நாலு பேருமே போனார்கள். அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள், விடுங்கள் என்றாலும் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று சொன்ன மகனை மாமா வேண்டாம் என்றார். "முதல்ல நான் தனியா அவன் முன்னாடி நிக்கணும்டா. நீங்கல்லாம் அடுத்த வண்டி என்னிக்கு விடறானோ அதுல வாங்க."

பஸ் பாதிக்கு மேல் காலி. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இனிமே எதுவா இருந்தாலும் உடனே சொல்லணும். நல்ல நாள் கெட்ட நாள் பாக்கக் கூடாது. உன்கிட்டதான் சொல்றேன். இவங்க ரெண்டு பேரும் பாசத்துல பொய் சொல்ற ஜாதி, நம்ப முடியாது."

"சொல்றேன் மாமா."

"சத்தியமா?"

"சத்தியமா."

வண்டி உறுமிக்கொண்டு பனிக்குள் போனது. பின் விளக்கு இரண்டும் கொஞ்ச தூரம் தெரிந்தன.

மருமகள் அங்கேயே நின்று பெரிய மாமாவின் மகளுக்குப் போன் செய்தாள். கிளம்பிட்டார், ராத்திரிக்குள்ள வந்துடுவார். "அப்பா காதுல சொல்றேன் அண்ணி" என்றாள் அந்தப் பெண். அழுகைக்கு நடுவே அவள் குரலில் ஒரு வெளிச்சம் வந்ததுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

மருமகள் கேட்டுக்கொண்டே நின்றாள். ம் என்றாள். இன்னொரு ம். போனை மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா?" என்றாள் அத்தை.

"போயிட்டாராம். தம்பி வர்றாருன்னு காதுல சொன்னாளாம். கேட்டுச்சா இல்லையான்னு தெரியலங்கறா."

அத்தை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

பிறகு அத்தை மெதுவாகச் சொன்னாள்: "இப்ப சொல்லாதேம்மா. பஸ்ல தனியா இருக்கார். பக்கத்துல ஒரு மனுஷன் இல்லை. வழி பூரா எப்படி உட்கார்ந்திருப்பார்? போய்ச் சேரட்டும். அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுச் சொல்லட்டும்."

"அம்மா சொல்றதுதான் சரி" என்றான் கணவன். "கொஞ்ச நேரம்தானே. அதுவரைக்கும் அண்ணனைப் பாக்கப் போறோம்னு நிம்மதியா உட்கார்ந்திருக்கட்டுமே."

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் மருமகளைப் பயமுறுத்தியது. இத்தனை வருஷமும் இந்த வீட்டில் யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. வாரம் முடியட்டும், சாப்பிட்டு முடியட்டும், போய்ச் சேரட்டும். ஒவ்வொன்றும் அன்புதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூடக் கிடையாது.

சொன்னால், ஓடுகிற வண்டியில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே ஒரு கிழவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால், பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, கட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் போய் இறங்குவார். வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அப்போது, என் மருமகளும் இவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைப்பார்.

கணவன் எழுந்து அடுப்படிக்குப் போனான். குழாய் திறக்கும் சத்தம். காலையிலிருந்து கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ ஆரம்பித்தான். யாரும் அவனுக்குத் தீர்ப்புச் சொல்லவில்லை.

மருமகள் போனை எடுத்தாள். அத்தை கையை நீட்டினாள், தடுக்கிற மாதிரி. பிறகு அந்தக் கையைத் தானே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி போனது. அந்தப் பக்கம் எடுத்ததும் முதலில் வந்தது வண்டியின் இரைச்சல், அதற்கு மேலே ஏதோ கடகடவென்று அடிக்கிற ஓசை.

"கேக்குதாம்மா இந்தச் சத்தம்?" மாமாவின் குரல். காலையில் இருந்ததைவிடப் பத்து வயது குறைந்த குரல். "ஜன்னல் கண்ணாடி. ரப்பரே இல்லாம ஓட்டறானுங்க. எங்கண்ணன் மட்டும் இதுல ஏறியிருந்தா, டிரைவரை இறக்கிவிட்டுட்டு இதைச் சரி பண்ணிட்டுத்தான் வண்டியை எடுக்க விட்டிருப்பான். போய் முதல்ல இதைத்தான் அவன்கிட்ட சொல்லப் போறேன்."

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது.

"என்னம்மா, பேச்சையே காணோம்?" என்றார் மாமா. பிறகு இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தாழ்ந்தது.

"சொல்லு."